உப்புக்காற்றில் ஓர் ஆர்.சி.ஏ. பிளக்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள தொடர்மாடிகளில் ஏசியின் வெளி யூனிட் சில வருடங்களிலேயே துருவேறுவதும், ஜன்னல் கிறிலின் பெயின்ட் பொருமி உரிவதும் அங்கே குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதே காற்றுதான் ஹோலில் இருக்கும் அம்ப்ளிஃபையருக்குப் பின்னாலும் போய் நிற்கிறது. அங்கே மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வலது பக்க ஸ்பீக்கரில் சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்கினால் முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகிப்போம், பிறகு அம்பை, அதன் பிறகு சீடி பிளேயரை. கடைசியில் ஒருநாள் பின்னால் கையை விட்டு வயரை ஆட்டினால் சத்தம் வந்துவிடும்.

ஒட்சிசன் நீக்கிய செம்பு, வெள்ளி இழை, ஆறு ஒன்பது (99.9999 சதவீதம்) சுத்தம் என்று வயரின் நடுப்பகுதியைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குள் ஒரு மீற்றர் ஓடும் வயரில் செம்பின் தரம் காதுக்குப் புலப்படும் அளவுக்கு எதையும் மாற்றிவிடாது என்பது என் கருத்து. நுனிகளில் இருக்கும் பிளக்கின் கதை வேறு. பழுதாவது அங்கேதான், அதிலும் பெரும்பாலும் நாம் பார்த்து வாங்காத பாகம்தான் பழுதாகிறது.

சீடி பிளேயரையும் அம்பையும் இணைக்கும் வயரின் நுனியில், நம் வீடுகளில் இன்றைக்கும் ஆட்சி செய்வது ஆர்.சி.ஏ. பிளக். அமெரிக்காவின் ரேடியோ கோர்ப்பரேஷன் (ஆர்.சி.ஏ.) 1930களில் கொண்டுவந்தது. ஒரே பெட்டிக்குள் இருந்த கிராமபோன் பகுதியை ரேடியோப் பகுதியோடு இணைப்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒருமுறை செருகினால் பெட்டியைத் திருத்தும்போது மட்டும் கழற்றுவார்கள். மலிவாக இருக்க வேண்டும், தகட்டை வளைத்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவே எதிர்பார்ப்பு. பிறகு அது பெட்டிக்கு வெளியே வந்து, உலகம் முழுவதும் பரவி, யாரும் மாற்ற முடியாதபடி நிலைத்துவிட்டது. ஐரோப்பாவின் குருண்டிக், டெலிஃபங்கன், பிலிப்ஸ் செட்டுகளில் அந்தக் காலத்தில் ஜேர்மன் தரத்தின்படி செய்த ஐந்து ஊசி டின் (DIN) சொக்கெட்தான் இருந்தது. ஒரே பிளக்கில் இரண்டு பக்கமும் போய்வந்துவிடும் அந்த ஏற்பாடு பல விதத்தில் மேலானது. ஆனாலும் ஜப்பானிய செட்டுகள் சந்தையைப் பிடித்தபோது ஆர்.சி.ஏ.யும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தப் பிறவியின் குறை ஒன்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். நடு ஊசி 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, அதைச் சுற்றி சுமார் 8 மில்லிமீற்றரில் ஒரு வளையம். செருகும்போது ஊசி முதலில் தொடும். வளையம் அதற்குப் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் சிக்னல் வழி இருக்கிறது, ஏர்த் வழி இல்லை. அம்ப் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கரே கிழிவதுபோல ஓர் உறுமல் எழும். மேடையில் பாவிக்கும் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் ஏர்த் ஊசி முதலில் தொடும்படி வைத்திருக்கிறார்கள். ஆர்.சி.ஏ.யில் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. பெட்டிக்குள் கிடக்கப்போகும் பிளக்குக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஊசியையும் வளையத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம். சீடி பிளேயரோ, டிஜிட்டலை அனலொக்காக மாற்றும் டாக் (DAC) பெட்டியோ தரும் சிக்னல் சுமார் 2 வோல்ட். அதை வாங்கும் அம்பின் உள்ளீட்டுத் தடை வழக்கமாக 10,000 ஓமிலிருந்து 50,000 ஓம் வரை இருக்கும். நல்ல பிளக்கில் ஊசி தொடும் இடத்தின் தடை சில மில்லி ஓம். மோசமான பிளக்கில் அது அரை ஓம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்துக்கு முன்னால் அரை ஓம் என்பது சிக்னலில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு குறைவு. எந்தக் காதாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஊசிக்குத் தங்கமா, வெள்ளியா, ரோடியமா என்று மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வளையத்தில் நிலைமை தலைகீழ். வயரின் ஷீல்ட், அதாவது சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் செம்புப் பின்னல், வந்து சேர்வது அதில்தான். இரண்டு செட்டுகளையும் 230 வோல்ட் மெயினில் செருகியிருக்கிறோம். ஒவ்வொன்றின் டிரான்ஸ்ஃபோமரிலிருந்தும் மெயின் வடிகட்டியிலிருந்தும் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் உடல் தகட்டுக்கு வரும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் அது ஓடும் பாதை அந்த ஷீல்ட்தான். கசிவு 100 மைக்ரோஅம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஷீல்டும் இரண்டு பக்க வளையங்களும் சேர்ந்து 0.02 ஓம் என்றால் அங்கே எழும் மின்னழுத்தம் 2 மைக்ரோவோல்ட். 2 வோல்ட் சிக்னலுக்கு அது 120 டெசிபெல் கீழே, இருக்கிறதென்றே தெரியாது. வளையம் தளர்ந்து, உப்பு படிந்து, தடை 10 ஓமுக்கு ஏறிவிட்டால் அதே கசிவு 1 மில்லிவோல்ட் ஆகிறது. 66 டெசிபெல்தான் கீழே. இரவில் வீதிச் சத்தம் அடங்கிய பிறகு, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில், ஸ்பீக்கருக்குள் ஒரு மெல்லிய முனகல் கேட்கும். ஆர்.சி.ஏ. இணைப்பில் இந்த மின்னழுத்தத்தைச் சிக்னலிலிருந்து பிரித்தறிய அம்புக்கு வழியே இல்லை, இரண்டும் ஒரே கம்பியில் வருவதால். ஊசியின் தடை சிக்னலைக் கொஞ்சம் குறைக்கிறது. வளையத்தின் தடை புதிதாக ஒரு சத்தத்தைச் சேர்க்கிறது. காசு எங்கே போக வேண்டும் என்பதற்கு எனக்கு இது போதும்.

இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்கும். இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்கும் சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். அம்பின் ஃபோனோ பகுதி அதை நூறு மடங்கு பெருக்கித்தான் மேலே அனுப்புகிறது. அங்கே வளையம் ஒரு கணம் விட்டுப்போனால் முனகல் எல்லாம் இல்லை, வீடே அதிரும்.

இனி தங்கம். தங்கம் காற்றில் கறுக்காது, பச்சை பிடிக்காது. கொழும்பில் ஈரப்பதன் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும்போது அது பெரிய விஷயம்தான். மின்கடத்தலில் அது செம்பை விடக் குறைவு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே பாதிப்பு ஒன்றுமில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது அதன் கெடாத்தன்மை. எத்தனை மைக்ரோன் பூசியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மலிவான பிளக்கில் இருப்பது 0.1 மைக்ரோனோ அதற்கும் குறைவோ. அது வெறும் நிறம். நல்ல கனெக்டர்களில் முக்கால் மைக்ரோனிலிருந்து ஒரு மைக்ரோனுக்கு மேல் வரை இருக்கும். மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். கடற்காற்றில் வரும் உப்புத் துகளும் ஈரமும் அந்தத் துளை வழியாக இறங்கி அடியில் உள்ள பித்தளையை அரிக்கும். அரிப்பு மேலே ஊறி வந்து தங்கத்தின்மேல் பரவும். இதைத் தடுக்கத்தான் பித்தளைக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் அடுக்கு ஒன்று வைக்கிறார்கள். நிக்கல் இல்லாமல் செம்பின்மேல் நேரடியாகப் பூசிய தங்கத்தில் நாளடைவில் செம்பே ஊடுருவி மேற்பரப்புக்கு வந்துவிடும். கல்கிசையிலும் தெஹிவளையிலும் கடலைப் பார்த்த அறையில் செட் வைத்திருப்பவர்கள் பூச்சுத் தடிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே தள்ளி மஹரகமவில் இருப்பவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

வெள்ளி பூசிய பிளக் வேண்டாம் என்றே சொல்வேன். கந்தகம் கலந்த காற்றில் அது கறுக்கும், நம் கால்வாய்களின் மணம் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெறும் நிக்கல் பிளக்கை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. இறுக்கமாகப் பிடிக்கும் நிக்கல் பிளக், தளர்ந்த தங்கப் பிளக்கை விட எத்தனையோ மேல். இன்னொன்று: அம்பின் பின்னால் இருக்கும் சொக்கெட் பழைய தகரப் பூச்சு வகை என்றால் அதில் தங்கப் பிளக்கைச் செருகுவது நல்ல ஜோடி இல்லை. நுண்ணிய அசைவுகளில் தகரம் உரிந்து தங்கத்தில் ஒட்டி, அங்கே ஒட்சைட்டாக மாறி, இணைப்பைக் கெடுக்கும். கனெக்டர் செய்கிற தொழிற்சாலைகளே தங்கத்தைத் தகரத்தோடு சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இறங்கினால் கண்ணாடி அலுமாரிக்குள் பைபையாகத் தங்க நிறப் பிளக் தொங்கும். பெயர்கள் எல்லாம் பெரிய பெயர்கள்.

“நானா, இது ஒரிஜினலா?”

“ஒரிஜினல் மாதிரித்தான் தம்பி. கோல்ட் பூசினது, கறுக்காது.”

இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது. நியூட்ரிக், டபிள்யூ.பி.டி. என்ற பிளக் கம்பெனிகள் இரண்டுக்கும் போலிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன; இங்கே மட்டும் ஓடாமல் இருக்குமா? பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பிளக்கில் வைத்துப் பாருங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. நிக்கல் பூச்சு இருந்தால் மெதுவாக ஓர் இழுப்புத் தெரியலாம், அது சரி. டக்கென்று ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால் உள்ளே இரும்புத் தகடு. அந்தக் கடற்காற்றில் அதற்கு என்ன நடக்கும் என்று ஜன்னல் கிறிலைப் பார்த்தாலே தெரியும். அடுத்தது வளையம். அது நான்கு இதழாகப் பிளந்திருக்கும். இதழ் வெறும் பித்தளையாக இருந்தால் நாலைந்து தடவை செருகி எடுத்ததும் விரிந்து அப்படியே நின்றுவிடும். பொஸ்பர் வெண்கலம் மாதிரி ஸ்பிரிங் குணமுள்ள உலோகம் திரும்பி வரும். நகத்தால் ஓர் இதழை மெல்ல வெளியே தள்ளி விட்டுப் பாருங்கள். வாங்காத பிளக்கில் இதைச் செய்தால் கடைக்காரர் முறைப்பார், ஆகவே முதலில் ஒரே ஒரு ஜோடி வாங்குங்கள்.

இறுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. விலை கூடிய பிளக்குகளில் திருகினால் வளையம் இறுகிப் பூட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது. செருகும்போது தளர்வாக இருந்து பிறகு பிடிப்பதால் அது நல்ல யோசனைதான், கழற்றும் முன் திருகித் தளர்த்த மறக்காதவரை. இக்காலத்து அம்புகளில் சொக்கெட் பின்தகட்டில் நட் போட்டு நிற்பது குறைவு. சர்க்கியூட் போர்டில் சோல்டரால் மட்டும் பிடித்து நிற்கும். பூட்டிய பிளக்கைப் பிடித்து இழுத்தால் போர்டில் சோல்டர் வெடிக்கும். நூறு டொலர் பிளக் அம்பையே திருத்தக் கொண்டுபோக வைக்கும்.

நல்ல பிளக்கும் கெட்ட பிளக்கும் உண்மையில் பிரிவது சோல்டர் வைக்கும் நேரத்தில். ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும், அதுதான் இன்சுலேட்டர். தரமான பிளக்கில் அது டெஃப்லோன். 300 பாகை சோல்டரிங் அயனுக்குச் சில விநாடிகள் அசையாது. மலிவானதில் அது சாதாரண பிளாஸ்டிக். ஈயம் கலந்த பழைய 60/40 சோல்டர் 190 பாகைக்குள் உருகிவிடும். இப்போது கடைகளில் கூடுதலாக வரும் ஈயமற்ற சோல்டருக்கு 217 பாகையைத் தாண்ட வேண்டும். அந்த வித்தியாசத்தில் பிளாஸ்டிக் இளகி, ஊசி ஒரு பக்கமாகச் சாயும். ஆறிய பிறகு வெளிப்பார்வைக்கு நேராகத்தான் தெரியும். செருகும்போது சொக்கெட்டின் நடுத் துளையை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டே போகும். இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது: பழைய, கழற்றிய சொக்கெட் ஒன்றில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு சோல்டர் வையுங்கள். ஊசியை அது நடுவிலேயே பிடித்துவைக்கும், சூட்டையும் கொஞ்சம் உறிஞ்சும். ஷீல்டை வளையத்தோடு சேர்க்கும் இடத்தை முதலில் அயனால் சூடாக்கிச் சோல்டர் பூசி வைத்துவிட்டு, பிறகு வயரை வைத்து ஒரே தொடுகையில் முடிக்க வேண்டும். பாரமான பிளக்கில் அந்த இடம் சூட்டை விழுங்கும். சின்ன அயனால் நின்று நின்று சுட்டால் சோல்டர் மங்கலாய், மணல் மாதிரி உறையும். மேலே சொன்ன 10 ஓம் பெரும்பாலும் பிறக்கும் இடம் அதுதான்.

பின்பக்கம் வயரைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நான் பெயரை விடவும் தங்கத்தை விடவும் முன்னால் வைப்பேன். மூன்று வகை காணலாம். இரண்டு தகட்டு நகங்களைக் குறடால் மடித்துவிடுவது மலிவானது, சரியாக மடித்தால் போதுமானது. பக்கத்தில் சின்னத் திருகு வைத்து வயரை அழுத்துவது பார்க்க அழகு. காலப்போக்கில் திருகு முனை வயரின் தோலைக் குத்தி ஷீல்டையே அறுக்கும், ஆகவே எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்து எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறுகும் கொலெட் வகைதான் சிறந்தது. எதுவானாலும் வயரின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள். 6 மில்லிமீற்றர் வயருக்கு 5 மில்லிமீற்றர் வாய் உள்ள பிளக்கை வாங்கி, தோலைச் சீவி உள்ளே திணிப்பவர்கள் நிறையப் பேர். அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இழுவை முழுவதும் சோல்டரில் விழும்.

எதை வாங்கலாம்? நியூட்ரிக் குடும்பத்தின் றீன் பிளக் மலிவு விலையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது, போலி இல்லாதவரை. அம்ஃபீனோல், சுவிட்ச்கிராஃப்ட் இரண்டும் அழகு பார்க்காமல் உழைக்கும் வகை. ஜப்பானின் கனாரே செய்யும், நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் பிளக்கில் சோல்டரே வேண்டாம். ஆனால் அதற்கான குறடு தனியாக வாங்க வேண்டும், வீட்டில் நாலு வயர் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. நியூட்ரிக்கின் புரோஃபை வகையில் வளையம் ஸ்பிரிங்கில் முன்னால் நீண்டு நிற்கும். ஊசிக்கு முன் ஏர்த் தொட்டு, கழற்றும்போது கடைசியாகத்தான் விடும். ஆர்.சி.ஏ.யின் பிறவிக் குறையைத் திருத்திய பிளக் என்பதால் அடிக்கடி மாற்றி மாற்றிச் செருகுபவர் அதற்குச் செலவழிக்கலாம். ஜேர்மனியின் டபிள்யூ.பி.டி. அருமையான வேலைப்பாடு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன பிறகு, அந்த வேலைப்பாட்டை இங்கே இருந்து பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பாட்டை டிஜிட்டலாகவே ஒற்றை வயரில் அனுப்பும் கோஆக்சியல் இணைப்பு மட்டும் வேறு சட்டம். அதற்கு 75 ஓம் வயர் வேண்டும், ஆர்.சி.ஏ. பிளக்கின் அளவுகளே 75 ஓமுக்கு ஒத்துவராதவை என்பதால் இரண்டு பக்கமும் திருகிப் பூட்டும் பி.என்.சி. சொக்கெட் இருந்தால் அதையே பாவியுங்கள். அனலொக்கில் அந்த 75 ஓம் கதை தேவையில்லை. 20 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் வயருக்குள் சுமார் 10 கிலோமீற்றர். நம் வயர் ஒரு மீற்றர். போனிலிருந்து 3.5 மில்லிமீற்றர் பிளக் வழியாகப் பாட்டு போடுபவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, அந்தப் பிளக் முதலில் உடையும், வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

பிளக் மாற்றினாலும் தீராத முனகல் உண்டு. இரண்டு செட்டும் வெவ்வேறு வழியாக ஏர்த்துக்குப் போனால், அல்லது கூரையில் உள்ள டிஷ் அன்டெனா வயர் வழியாக இன்னொரு ஏர்த் உள்ளே வந்தால், மெயினின் 50 ஹேர்ட்ஸ் அந்த ஏர்த்துகளுக்கு இடையில் வட்டமாகச் சுற்றும். டிஷ் வயரைக் கழற்றியதும் முனகல் நின்றால் குற்றவாளி அது. எல்லாச் செட்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு ஊசிப் பிளக்கைச் செருகும் நம் ஊர்ப் பழக்கத்தில், ஏர்த் தேவைப்படும் அம்ப் ஏர்த்தே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் விரலில் சுர்ரென்று வரும். முனகலைப் போக்குவதற்காக ஏர்த் ஊசியைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள், அது உயிர் விஷயம்.

பராமரிப்புக்குப் பெரிய சாமான் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் அம்பை அணைத்து, ஒவ்வொரு பிளக்கையும் பாதி இழுத்து, அரைச் சுற்று திருகி, திரும்பச் செருகுங்கள். அந்த உரசலே மேற்பரப்பைத் துடைத்துவிடும். அழுக்கு தெரிந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தோய்த்த பஞ்சு போதும். பூட்டுக்கும் சைக்கிளுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அங்கே அடிக்காதீர்கள்; அதன் படலத்தில் தூசியும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். வளையம் தளர்ந்திருந்தால் சின்னக் குறடால் ஒவ்வோர் இதழையும் உள்பக்கமாக ஒரு மயிரிழை மடிக்கலாம். ஒரே இதழை மட்டும் மடித்தால் வளையம் கோணலாகும்.

பிளக்கைத் திறக்க வேண்டி வந்தால் ஷீல்டின் நிறத்தைப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஈரம் பின்னலுக்குள் ஊறியிருக்கிறது, அதன்மேல் சோல்டர் பிடிக்காது. பளபளப்பான செம்பு வரும்வரை வயரை வெட்டிக்கொண்டே போங்கள். வழக்கமாக இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் வந்துவிடும். அதற்கு மேலும் கறுப்பாகவே போனால் வயரை எறிந்துவிட்டுப் பிளக்கை வைத்துக்கொள்ளலாம். ஊற்றி வார்த்த பிளக்கை விட, மூடியைத் திருகித் திறக்கும் சோல்டர் பிளக்கை முதலிலேயே வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.